ஊரின் ஒரே நாத்திகர்

பாஃபோஸ் மலைப்பக்கத்து அந்த ஊரில் கடவுள் இல்லை என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். காபிக் கடை ஒனிசிலோஸ். கடை வாசலில் செங்கொடி, உள்ளே நாள் முழுக்கச் சாமியார்களைப் பற்றிய நக்கல். புனித வெள்ளியன்று ஊரே நோன்பில் ஆலிவும் அவித்த பயறுமாக வாடிக் கிடக்கும்போது, இவர் நடைபாதையில் கரி அடுப்பு மூட்டிப் பன்றிக் கறி சுடுவார். புகை நேராகப் பாதிரியார் வீட்டு ஜன்னலுக்குப் போகும்படி விசிறியும் விடுவார்.

அந்தக் கறியைத் தின்றதெல்லாம் கொல்லைப்புறத்துப் பூனைகள். ஒனிசிலோஸ் கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணெய்கூட விடாமல் பயறுதான் தின்பார். மகள் அந்திகோனி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மூளைக்கு ஏறி, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் நின்று வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்தால் சாகும்வரை ஈஸ்டர் நோன்பை விடமாட்டேன். பிள்ளை பிழைத்தது. இப்போது லிமாசோல் நகரத்தில் பல் டாக்டர். விஷயம் வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். நோன்பை விட்டாலோ மகளுக்கு என்ன ஆகுமோ என்று ஈரக்குலை நடுங்கும். இல்லாத கடவுளுக்கு இப்படிப் பயப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மிரோஃபோரா தட்டும் கையுமாக வந்து நின்றாள். தட்டில் ஆவி பறக்கும் பிளௌனா. பாலாடைக்கட்டி, முட்டை, புதினா, திராட்சை எல்லாம் திணித்துச் சுடும் பெருநாள் பலகாரம். இதில் ஒரு கூத்து உண்டு. சுடுகிறவள் நோன்பில் இருப்பாள், பாலும் முட்டையும் விலக்கு, நுனி நாக்கில்கூட வைத்துப் பார்க்க முடியாது. போன வருடம் பாலாடைக்கட்டியில் உப்பு ஏறியது தெரியாமல் சுட்டுவிட்டாள். அதிலிருந்து ஊர் அவளை உப்பளம் என்றே கூப்பிடுகிறது. நாளைக்கு மகனுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள் விருந்துக்கு வருகிறார்கள். முதல் ஈடுதான் வெந்திருக்கிறது. உப்பு கூடியிருந்தால் மீதிப் பூரணத்தில் ரவையும் திராட்சையும் கொட்டிச் சரிக்கட்டிவிடலாம்.

"ஊருல நோன்பு இல்லாத வாய் உங்க ஒருத்தர் வாய்தாண்ணே. ஒரு வாய் தின்னு பார்த்துச் சொல்லுங்க."

ஒனிசிலோஸ் தட்டை அவள் பக்கமே தள்ளினார். விடுமுறைக்கு வந்து உன் மாடியில் தங்கியிருக்கும் டச்சுக்காரனிடம் கொடேன் என்றார். கொடுத்தாகிவிட்டதாம். அருமை என்றானாம். சந்தேகப்பட்டு ஒன்றில் கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தாளாம். அதற்கும் அருமை என்று சொல்லி, ஒரு கூஜா தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டானாம்.

பல் வலி என்று சொல்லிப் பார்த்தார். பொண்ணு பல் டாக்டரா இருக்கும்போது இப்படிச் சொல்ல வெட்கமாக இல்லையா என்றாள். அதற்குள் செய்தி பரவி, பிளௌனா சுட்டுக்கொண்டிருந்த வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் ஆளுக்கொரு தட்டோடு வந்து வரிசை கட்டிவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் மொத்தப் பேரும் ஒரு நாத்திகரை நம்பி நின்றது அன்றைக்குத்தான்.

இனித் தப்ப வழியில்லை. ஒனிசிலோஸ் பிளௌனாவைக் கையில் எடுத்தார். புதினா வாசம் மூக்கில் ஏறியது. அந்திகோனியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. செய்யப் போவது பாவம். பலகாரத்தை இடது கைக்கு மாற்றினார். வலது கை தானாக எழுந்து நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள் என்று சிலுவை போட்டது.

வரிசை மொத்தமும் பார்த்துவிட்டது. கை செய்ததைக் கை கீழே இறங்கிய பிறகுதான் அவரே பார்த்தார்.

"எத்தனை வருஷமாண்ணே?" மிரோஃபோராவின் குரல் இறங்கியிருந்தது.

"மவளுக்குக் காய்ச்சல் வந்த வருஷத்துல இருந்து."

அவள் அவர் கையிலிருந்த பிளௌனாவை மெல்ல வாங்கித் தட்டில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி வரிசையைப் பார்த்தாள். அவ்வளவு தட்டுகளிலும் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊருக்குன்னு ஒரே ஒரு நாத்திகன் இருந்தான். அவனும் போயிட்டான். இப்ப உப்பை எவன்டி பார்ப்பான்?"