முப்பத்தாறு நிமிஷ மேடு

சைக்கிள் பந்தயத்தில் ஒருவன் ஊக்கமருந்து எடுத்தானா என்று தெரிய வேண்டுமானால் அவனுடைய ரசிகர்களின் சிறுநீரைத்தான் சோதிப்பார்கள். ஓட்டுகிறவன் உடம்பில் எதுவும் நிற்காது. மேடு ஏறும்போதே வியர்வையோடு போய்விடும். அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறவன் உடம்பில்தான் எல்லாம் தங்கும். இதில் வாதாட ஒன்றுமில்லை. வாதாடுவதற்கு வேறு எத்தனையோ இருந்தன.

எட்டு மலைச் சுற்றுப் பந்தயத்தின் ஆறாம் நாள், சேர்மக்கனி கழுதைமுடக்கு மேட்டை முப்பத்தாறு நிமிஷத்தில் ஏறினான். பதினாலு கிலோமீட்டர் மேடு. போன வருஷம் அதே மேட்டுக்கு முப்பத்தொன்பது நிமிஷம் எடுத்துக்கொண்டவன். அவன் உச்சியில் கையைத் தூக்கிய அதே நொடியில், கீழே ஊரில், பாக்கியநாதன் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் டிவியைப் பார்த்துத் துப்பாத குறையாகச் சொன்னார்.

"மூணு நிமிஷம்வே. ஒரே வருஷத்துல மூணு நிமிஷம். இட்லி தின்னா வருமா இது?"

ஆறுமுகநயினாருக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் அரிசி மில்லில் லாரி எடை போடுகிறவர். மலைச் சுற்று நடக்கும் எட்டு நாளும் லீவு போட்டுவிட்டு இந்தக் கடையில் வந்து உட்காருவார். பதினோரு வருஷமாகச் சேர்மக்கனிதான் அவருக்கு எல்லாம். பதினோரு வருஷமாக இந்த ஆளின் வாயையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

"காத்து பின்னாலருந்து அடிச்சுது. ரோடு புதுசாப் போட்டிருக்கான். பயலும் நாலு கிலோ எறக்கியிருக்கான். இதுகூடத் தெரியாம ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுதீராக்கும்?"

"எல்லாப் பயலுக்கும் ஒரே காத்துதானவே அடிச்சுது? மத்தவன்லாம் ஏன் நாப்பதுல வாரான்?"

இதற்கு ஆறுமுகநயினாரிடம் பதில் இருந்தது. அது வாய்க்கு வருவதற்குள் பாக்கியநாதன் அடுத்த மூன்று கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டார். எப்போதும் இதே கூத்துதான். மனிதர் மூச்சு விடமாட்டார். நடுநடுவே கல்லாவுக்கு அடியில் குனிவார், நிமிர்ந்ததும் இன்னும் வேகமாகப் பேசுவார். இவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை ஆறுமுகநயினார் வருஷம் முழுக்க லாரி டிரைவர்களிடம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தும், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

மூன்றரை மணிக்குச் சிறுநீர் மாதிரி எடுக்கும் ஆபீசர் மெஹருன்னிசா வெள்ளைப் பெட்டியோடு கடைக்குள் வந்தார். ஜெயித்தவனின் பெயரை அந்த வருஷத்தில் அதிகம் சொன்ன இரண்டு பேரிடம் மாதிரி எடுப்பது வழக்கம். அவர் பட்டியலைப் பிரித்து வாசித்தார்.

"பாக்கியநாதன், முப்பத்தோராயிரத்து நானூறு தடவை. ஆறுமுகநயினார், பத்தொன்பதாயிரம்."

"நான் ரெண்டாவதா?" என்று ஆறுமுகநயினார் எழுந்துவிட்டார்.

"நான் அவனுக்கு ரசிகனா? அவன் மூஞ்சியக் கண்டாலே எனக்கு ஆகாது!" என்று பாக்கியநாதனும் எழுந்தார்.

"எப்படிச் சொன்னீங்கங்கிறதுக்குக் கணக்குக் கிடையாது அண்ணாச்சி. எத்தன தடவங்கிறதுதான்," என்றார் மெஹருன்னிசா. "மாதிரியில சேர்மக்கனியோட மருந்து இருந்தா முதல் எடத்துக்குன்னு அவர் போட்டிருக்கிற செவப்புப் பனியனக் கழத்திருவோம். ஆளுக்குத் தொண்ணூறு மில்லி வேணும்."

பாக்கியநாதன் கடைக்குப் பின்னால் போய் இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தார். ஆறுமுகநயினாருக்கு வரவில்லை. கோபத்தில் எல்லாம் இறுகிக் கிடந்தது. சத்தம் கேட்க வேண்டும் என்பது விதி என்பதால், மெஹருன்னிசா கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஆறுமுகநயினார் நான்கு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, ஒரு பரிசுத்தமான பையனை இப்படியெல்லாம் சந்தேகப்படுகிற உலகம் உருப்படுமா என்று உரக்கத் திட்டிக்கொண்டிருந்தார். ஐந்தே முக்காலுக்கு ஒருவழியாகத் தொண்ணூறு மில்லி தேறியது.

மறுநாள் மத்தியானம், ஏழாம் நாள் பந்தயம் தொடங்கும் நேரத்துக்கு, முடிவு வந்தது. மெஹருன்னிசா இரண்டு சீட்டுகளைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிகள். பாக்கியநாதனின் சீட்டில், உடம்புக்கு உள்ளே இருப்பவர் சேர்மக்கனி என்றும், மருந்து இல்லை என்றும் எழுதியிருந்தது.

"பாத்தீரா! ஓம்ம மூத்திரமே சொல்லுதுவே, அவன் சுத்தம்னு!" ஆறுமுகநயினார் கடையே அதிரும்படி கத்தினார். வெளியே போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பதினோரு வருஷத்தில் அவர் ஜெயித்த முதல் நிமிஷம் அது. அந்த நிமிஷம் முடிந்ததும் தன் சீட்டை எடுத்துப் படித்தார்.

உள்ளே இருப்பவர், பாக்கியநாதன். மருந்து, உண்டு.

மெஹருன்னிசா கல்லாவுக்கு அடியில் குனிந்து இருமல் மருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒன்பது இருந்தன. ஏழு காலி.

"தொண்ட கட்டிக்கிடும்லா தாயி. ரெண்டு மூடிதான்," என்றார் பாக்கியநாதன்.

"வாதத்துக்கு முன்னால குடிக்கக் கூடாது அண்ணாச்சி. ரெண்டு வருஷம் தடை. நீங்க யாரையும் எதையும் சந்தேகப்படக் கூடாது. இங்க ஒரு கையெழுத்து."

பாக்கியநாதன் கையெழுத்துப் போட்டார். ஆறுமுகநயினார் காலி பாட்டில்களை எண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் எட்டாம் நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனதெல்லாம் ஒரு பாட்டில் சிரப்பிடம் தோற்றா? எத்தனை லாரி டிரைவர்களை வெயிலில் நிறுத்தி வைத்திருப்பார்!

"ஏமாத்திட்டீரேவே. மூச்சு விடாமப் பேசும்போதே நெனச்சேன். வெக்கமா இல்ல ஓமக்கு?"

"நீரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார் பாக்கியநாதன்.

டிவியில் வண்டிகள் கிளம்பின. ஆறுமுகநயினார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இனி யார் இருக்கிறார்கள் தடுக்க?

"சேர்மக்கனி சுத்தமானவன்."

"ஆமாவே."

"முப்பத்தாறு நிமிஷத்துல ஒரு மனுசனால ஏற முடியும்."

"தாராளமா முடியும்."

"எப்பிடி முடியும்னு கேளும்."

"கேக்கப்பிடாதுல்லா," என்று பாக்கியநாதன் ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

காற்று, புது ரோடு, குறைத்த நாலு கிலோ என்று ஆறுமுகநயினார் வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலை ஆடியது. போதாக்குறைக்கு அவர் சொல்லாத ஒரு காரணத்தையும் பாக்கியநாதனே எடுத்துக் கொடுத்தார், பையன் புது ஷூ மாட்டியிருக்கிறான் என்று. அதற்குமேல் ஆறுமுகநயினாரால் தாங்க முடியவில்லை. வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மெஹருன்னிசாவிடம் போய்க் கத்தினார்.

"இது என்ன அநியாயம் மேடம்? இந்த ஆளு வாயக் கட்டிப் போட்டுட்டா நான் யாருகிட்டப் போய்ப் பேச? மருந்தக் குடிச்சுட்டே பேசட்டும். எனக்குச் சம்மதம். எழுதித் தாரேன். எனக்கு இவரு வேணும்!"

கடைக்குள் பாக்கியநாதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தடைய எடுக்க முடியாது அண்ணாச்சி," என்று மெஹருன்னிசா மறுபடி பட்டியலைப் பிரித்தார். "ஆனா எடத்தக் காலியா விடமாட்டோம். சேர்மக்கனிய அதிகமாச் சந்தேகப்படுறதுல இவருக்கு அடுத்து ஒருத்தர் இருக்காரு. நாளைக்கு அனுப்புறோம்."

எட்டாம் நாள் இரண்டு மணிக்குக் கடை வாசலில் ஒரு பந்தய சைக்கிள் வந்து நின்றது. சிவப்புப் பனியன் போட்ட ஒருவன் ஷூவுக்கு அடியில் பெடலில் மாட்டுகிற கட்டை தரையில் டக்டக்கென்று அடிக்க உள்ளே வந்தான். பாக்கியநாதன் தன் ஸ்டூலை விட்டு எழுந்து அவனை உட்காரச் சொல்லி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவன் அண்ணாந்து குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தான். டிவியில் சேர்மக்கனி கடைசி மலையில் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி இது, எட்டாவது நாள் ஒருத்தன் காலு இப்பிடிச் சுத்துமா?" என்றான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சேர்மக்கனி, டிவியில் போகிற சேர்மக்கனியைக் காட்டி. "எனக்கு இவன்மேல நம்பிக்கையே இல்ல."

ஆறுமுகநயினார் கண்ணாடி மேஜையில் ஓங்கி அடித்தார். ஃபிரேம்கள் எல்லாம் துள்ளி விழுந்தன.

"ஏல, சேர்மக்கனியப் பத்தி இன்னொரு வார்த்த பேசுன, பல்லக் கழத்திருவேன். அவன் ஒண்ணும் எடுக்கல."

"எடுக்கலன்னு நீங்க கூட இருந்து பாத்தீங்களா?"

"நீ பாத்தியால?"

சேர்மக்கனி டிவியையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தான். ஆறுமுகநயினார் நாற்காலியைத் திருப்பி அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.