அன்னம்மாளின் மணிக்கட்டு

1
இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் சுகாசினி. (அவர் பெயர் அதுவல்ல.) முதியோர் இல்லங்களைச் சோதிக்கும் அதிகாரி. ஓரிக்கை என்ற ஊரில் ஓர் இல்லத்தில் பார்த்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய டீ ஆறிப்போயிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கொடுமையின் நெடி வாசலிலேயே…’ அடித்துவிட்டேன். வாசலில் பினாயில் நெடி மட்டும்தான்.

2
சமையலறை சுத்தம். மருந்துகளும் சரி. கடைசி அறையில் படுத்திருந்த அன்னம்மாளின் மணிக்கட்டில் மட்டும் பட்டுப்புடவைக் கரைத்துண்டு ஒன்று கட்டியிருந்தது. யாரையும் கட்டிவைக்கக் கூடாது. மீறினால் இல்லத்தின் உரிமமே போகலாம்.

(பராமரிப்பாளர் சங்கரியைக் கொடுமைக்காரியாக்க நினைத்தேன். முடியவில்லை. அவர் அப்போது அன்னம்மாளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாராம்.)

“யார் கட்டினது?”

“நான்தாம்மா.” பக்கத்துக் கட்டிலிலிருந்து அன்னம்மாளின் கணவர் கோதண்டபாணி கையை உயர்த்தினார். கரையின் மறுமுனை அவர் மணிக்கட்டில் இருந்தது. “ரெண்டு வாட்டி பாலாத்துப் பக்கம் பூட்டா. தூங்கிட்டா எனக்கு எதுவும் கேக்காது. அவ எழுந்தா கை இழுக்கும், முழிச்சிக்குவேன்.”

“ராத்திரியில நான் ஒருத்திதான் மேடம்,” என்றார் சங்கரி.

“அவங்களுக்கு இது சம்மதமா, கேட்டீங்களா?”

“கேட்டா, நீ யாருன்றாம்மா,” என்றார் கோதண்டபாணி.

3
சுகாசினி முடிச்சை அவிழ்த்தார். அன்னம்மாள் எழுந்து வெறுங்காலோடு வாசலுக்கு நடந்தார்.

“எங்கம்மா போறீங்க?”

“எங்க வூட்டுக்காரரத் தேடிக்கினு போறேன். பாவம், தனியா இருப்பாரு.”

‘கோதண்டபாணியின் நெஞ்சில்…’ என்று எழுதினேன். வேண்டாம். அங்கே நுழைய எனக்கு உரிமையில்லை. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். மனைவியின் செருப்பை எடுத்துப்போய், குனிந்து, அவர் காலருகே வைத்தார்.

“போட்டுக்கோ. நானும் வரேன், தேடலாம்.”

“நீங்க நல்லா இருக்கணும்யா,” என்றார் அன்னம்மாள்.

4
இல்லம் மூடப்பட்டு இருவரும் பிரிவதாக ஒரு முடிவு எழுதினேன். சுகாசினி கண்டும் காணாமல் போவதாக இன்னொன்று. அதில் ஓர் இரவு கட்டிய கையோடு கணவனும் மனைவியும் சேர்ந்து விழுகிறார்கள். இரண்டையும் கிழித்தேன்.

நடந்தது வேறு. இனிக் கட்டக் கூடாது, கதவில் மணி வேண்டும், இரவுக்கு இன்னோர் ஆள் வேண்டும், அடுத்த மாதம் வருவேன் என்றார் சுகாசினி. ஆள் கிடைத்தாரா? அடுத்த மாதம் இன்னும் வரவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

மூவரும் வேலியோரமாகத் தேடிப் போகிறார்கள்.

“எப்படிம்மா இருப்பாரு உங்க வூட்டுக்காரரு?” என்று சுகாசினி கேட்கிறார்.

“நல்ல உசரம்மா,” என்கிறார் அன்னம்மாள்.

பின்னால் வரும் கோதண்டபாணி, கூன் முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்கிறார்.