பேதுருவின் முறை

பெரிய வியாழனன்று காலையிலிருந்தே என் புருஷன் ஈப்பச்சன் கிணற்றடியை விட்டு எழுந்திருக்கவில்லை. தேங்காய் நாரும் சோப்புமாகக் குதிகாலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பிஷப் திருமேனி கழுவ வேண்டிய காலை நீங்களே கழுவித் தீத்துட்டா, அவரு வந்து எதைக் கழுவுவாரு?" என்றேன்.

"போடி சோசம்மா. ஊரே பாக்க இந்தப் பித்தவெடிப்பையா பிஷப் கையில குடுக்கச் சொல்ற?"

எங்கள் ஊரில் இது ஒரு பைத்தியக்காரத்தனம். ஆண்டவர் சீஷர்கள் காலைக் கழுவியதுபோல் பிஷப் கழுவும் சடங்கில், பன்னிரண்டு சீஷர்களாக உட்காரப் பேர் கொடுத்தவர்கள் எல்லார் வீட்டிலும் அன்று இதே கூத்துதான். பிஷப் குனிந்து கழுவும்போது தண்ணீர் துளிகூடக் கலங்காது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் பேதுரு எங்கள் பக்கத்து வீட்டுக் குருவிளாச்சாயன். சீஷர்களில் பேதுருவுக்கு மட்டும்தான் பேச்சு உண்டு. கடைசியாக அவர் முறை வரும்போது எழுந்து நின்று, என் காலை நீங்கள் கழுவுவதா, விடமாட்டேன் என்று மறுக்க வேண்டும். கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று திருமேனி சொல்லுவார். உடனே பேதுரு பயந்துபோய், கால் மட்டுமா, கையும் தலையும் சேர்த்துக் கழுவுங்கள் என்று உட்கார்ந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம்.

குருவிளாச்சாயனைப் பேதுருவாகப் போடச் சொல்லி என்னிடம் வந்து நின்றவள் அவர் மனைவி அலியாம்மா. என் புருஷன்தான் சபைக்குக் கைக்காரர், வரவு செலவு, சடங்கு ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. "திருமேனி கை அவரு மேல ஒரு தடவை பட்டாப் போதும், சோசா. எம் மனுஷன் எனக்குத் திரும்பி வந்திடுவாரு" என்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துவிட்டு எப்படி முடியாது என்பது?

அவர்களுக்கு ஒரே மகள், ஷேர்லி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன மழைக்காலத்தில் பேர் தெரியாத ஒரு காய்ச்சல் வந்ததே, அந்த வார்டுக்கு நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். எங்களில் செத்தவர்களை வீட்டில் வைத்து, வெந்நீரில் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தித்தான் அனுப்புவோம். குருவிளாச்சாயன் முற்றத்தில் அண்டா நிறைய வெந்நீர் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி வீட்டுப் பக்கமே வரவில்லை. உறை போட்ட கைகள் நாலைந்து, பொட்டலமாகக் கட்டிய பிள்ளையை நேரே கல்லறைக்குள் இறக்கிவிட்டுப் போயின. நாங்கள் எல்லாரும் சாலையிலேயே நிறுத்தப்பட்டோம். அந்த வெந்நீரை யார் கொட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம் மனுஷன் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "அச்சனே, அவ நம்பித்தானே அந்த வார்டுக்குள்ள போனா? கூட வர்றேன்னவரு அப்போ எங்க போயிட்டாரு?" என்பார். எங்கள் சபைக் குரு விகாரி அச்சன் நல்ல மனுஷர், ஆனால் பாவம், சின்ன வயசு. கடிகாரத்தைப் பார்ப்பார், பாட்டுக்குத் தாவிவிடுவார். பிசாசு புகுந்துவிட்டது என்று சிலர் காதைக் கடித்தார்கள். ஆனாலும் குருவிளாச்சாயன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. கடைசித் தூணோரம் நிற்பார். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க மட்டும் முன்னால் போகமாட்டார். என் புருஷனுக்கு நாக்கு நீளம். ஒருநாள் முகத்துக்கு நேரே, "நம்பிக்கை இல்லாதவனுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார்.

"நம்பிக்கை இல்லாதவன் வீட்ல படுத்துத் தூங்குவான், ஈப்பா. எனக்குக் கேக்க வேண்டியது இருக்கு. இங்க வந்து கேக்காம சந்தையிலயா போய்க் கேப்பேன்?"



சடங்குக்குக் கூட்டம் நெரிந்தது. அலியாம்மா என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். திருமேனிக்கு எழுபது தாண்டியிருக்கும். மேலங்கியைக் கழற்றிவைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் மண்டியிட்டார். உதவிக்கு நின்ற இளங்குரு செம்மாசன், மூக்கு வைத்த கிண்டிச் செம்பிலிருந்து தண்ணீர் விட, கழுவித் துடைத்து, காலை முத்தமிட்டார். என் புருஷனின் கால் நிலாத்துண்டு மாதிரி மினுங்கியது. சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். குருவிளாச்சாயனோ ரப்பர் தோட்டத்திலிருந்து நேரே வந்தவர்போல, விரலிடுக்கெல்லாம் செம்மண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் முறை வந்தது. எழுந்து நின்றார். மறுக்க வேண்டியதை மறுத்தார். கழுவாவிட்டால் பங்கில்லை என்று திருமேனி ராகம் போட்டுச் சொன்னார். இனி உட்கார்ந்து காலை நீட்ட வேண்டியதுதான். அவர் உட்காரவில்லை. அலியாம்மாவின் நகம் என் கையில் பதிந்தது.

"கழுவாட்டிப் பங்கில்லைன்னு சொன்னீங்களே, திருமேனி," என்றார். புத்தகத்தில் இல்லாத பேச்சு. "அப்போ எம் மகளுக்கு? ஊர்ல உள்ள நோயாளிங்க காலையெல்லாம் கழுவினவ அவ. வெந்நீர் போட்டு வச்சுட்டு நான் காத்துக்கிட்டிருந்தேன். என்னைக் கழுவ விடலை. அழுக்கோட மண்ணுக்குள்ள போனா. அவளுக்கு அவரோட பங்கு இல்லையா? அவளுக்குக் கிடைக்காத தண்ணி எனக்கு எதுக்கு?"

ஐயோ என்றாகிவிட்டது. விகாரி அச்சன் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தார். என் புருஷன் பாதி எழுந்தார். திருமேனி மண்டியிட்டபடியே கையைத் தூக்கி இருவரையும் நிறுத்தினார். குருவிளாச்சாயனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிரசங்கம் வரும், பிள்ளைகளை இழந்த யோபு கதை வரும், தேவசித்தம் என்பார் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியல, குருவிளா," என்றார். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. "நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். எனக்கும் ஒரு பதிலும் வரலை."

பிறந்ததிலிருந்து அந்தப் பீடத்திலிருந்து எத்தனையோ பதில் கேட்டிருக்கிறேன். தெரியாது என்ற சொல் அங்கிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பொய்யே இல்லாத இடத்தில் நிற்பதுபோல் பயமாகவும் இருந்தது, எழுந்து கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

குருவிளாச்சாயன் செம்மாசன் கையிலிருந்த கிண்டியைத் தொட்டுப் பார்த்தார். "வெந்நீரா?"

"ஆமா, வெதுவெதுன்னு இருக்கட்டும்னு..." செம்மாசனுக்கு வாய் குழறியது.

"நான் இதை எடுத்துக்கிட்டுப் போகட்டுமா, திருமேனி?"

"நில்லு. நானும் வர்றேன்."

எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி நிமிரவில்லை. குருவிளாச்சாயன் கிண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

இருவரும் வடக்கு வாசல் வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். முதலில் ஒருவரும் அசையவில்லை. அலியாம்மாதான் எழுந்தாள். அப்புறம் நான். திரும்பிப் பார்த்தால் மொத்த சபையும் வெறுங்காலோடு வெயிலில் வந்துகொண்டிருந்தது. பேதுரு போய்விட, மீதி நின்ற பதினொரு சீஷர்களும் தேய்த்துத் தேய்த்து வெளுத்த காலோடு செம்மண்ணில் இறங்கினார்கள்.

ஷேர்லியின் கல்லில் மெழுகு உருகிக் காய்ந்திருந்தது, ரப்பர் இலை மக்கி ஒட்டியிருந்தது. குருவிளாச்சாயன் தலைமாட்டில் உட்கார்ந்து, கிண்டியின் மூக்கிலிருந்து நூல்போலத் தண்ணீர் விட்டார். அவசரமே படவில்லை. மெழுகை நகத்தால் சுரண்டினார், உள்ளங்கையால் தேய்த்தார். வாய்க்குள் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார், மகளிடமா, வேறு யாரிடமா, எனக்குக் கேட்கவில்லை. அலியாம்மா போய் எதிரே உட்கார்ந்து, கண்ணீரோடு தானும் தேய்த்தாள். செம்மாசன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தை வாசிப்பது என்று தெரியாமல் நின்றான். குருவிளாச்சாயனின் காலில் அந்தச் செம்மண் அப்படியேதான் இருந்தது.

திருமேனி இடுப்புத் துண்டை அவிழ்த்தார். ஈரக் கல்லருகே மண்டியிட்டு, பேர் வெட்டிய ஒவ்வொரு எழுத்தையும் துண்டு முனையை உள்ளே விட்டுத் துடைத்தார்.

"கால்மாட்டுல இன்னும் ஈரம் இருக்கு, திருமேனி," என்றார் குருவிளாச்சாயன்.

"ஆமா, ஆமா, இருக்கு," என்று சொல்லிக்கொண்டே அவர் முழங்காலாலேயே அந்தப் பக்கம் நகர்ந்து, துண்டில் காய்ந்த ஓரமாகப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.