தண்டவாளத்தில் எரிந்த டெஸ்டர்

கல்வராயன் மலையில் மூன்று அங்கன்வாடிகளுக்கு ஓர் அறக்கட்டளை பொம்மை ரயில் கொடுத்திருந்தது. வட்டத் தண்டவாளம், இஞ்சின், நான்கு பெட்டிகள், சுவரில் செருக ஒரு கறுப்பு அடாப்டர். வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார், ரயில் ஓட வேண்டும் என்று மேற்பார்வையாளர் மணிமொழி கள்ளக்குறிச்சியிலிருந்து போனில் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன் அங்கன்வாடி ஊழியர் செந்தமிழ்ச்செல்வி அதை ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. தடம் புரண்ட பெட்டியைத் தூக்கி வைக்கப் போனபோது தண்டவாளத்தில் விரல் பட்டு, முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. கழுவிவிட்ட தரை காயவில்லை. அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

பக்கத்துத் தெரு வயர்மேன் ராஜதுரை வந்து தண்டவாளத்தில் டெஸ்டரை வைத்தார். உள்ளே சின்ன விளக்கு எரிந்தது.

“பன்னெண்டு வோல்ட்டுக்கு டெஸ்டர் எரியாதும்மா. அடாப்டருக்கு உள்ளாற எங்கியோ இன்சுலேஷன் போயிருக்கு. வூட்டு கரண்ட்டும் சேந்து கசியுது. புள்ளைங்க கிட்ட குடுக்காத.”

செல்வி மணிமொழியைக் கூப்பிட்டாள்.

“மேடம், ரயில் ஷாக் அடிக்குதுங்க.”

“ஓடுதா, இல்லியா?”

“ஓடுதுங்க. ஆனா புள்ளைங்க தொட்டா...”

“தொடாம பாத்துக்கம்மா. அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுனா போதும்.”

“தொடக் கூடாதுன்னா பொம்ம எதுக்குங்க மேடம்?”

லைன் கட்டானது. மலையில் சிக்னல் போனதா, அவரே வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. டெஸ்டர் எரிவதைப் படமெடுத்து ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் படம் நீக்கப்பட்டு, ‘குழுவில் தேவையில்லாத செய்திகள் வேண்டாம்’ என்று மணிமொழியின் வரி மட்டும் நின்றது.

இரண்டாவது மையத்துக்குச் செல்வி போன் செய்தாள். அவர்கள் உடனே அடாப்டரைப் பிடுங்கி வைத்தார்கள். மூன்றாவது மையத்தில் ஊழியர் இசைவாணி போனை எடுக்கவே இல்லை. மறுநாள் மதியம் ராஜதுரையிடம் டெஸ்டரை வாங்கிக்கொண்டு செல்வி பஸ் ஏறினாள்.

அங்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு வயது சுபஸ்ரீ குப்புறப் படுத்து, இஞ்சினைப் பிடிக்கக் கையை நீட்டினாள். செல்வி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். குழந்தை அழ, மற்றவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

“வந்ததும் வராததுமா இன்னாக்கா பண்ணிக்கினு இருக்க?” என்றாள் இசைவாணி.

செல்வி விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்து, பிளக்கை மாட்டி டெஸ்டரை வைத்தாள். எரியவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தாள். அங்கேயும் எரியவில்லை.

“இதுல ஒண்ணும் இல்லியேக்கா.”

“இன்னிக்கு இல்ல வாணி. ஒரே கம்பெனி அடாப்டர்தான். நாளைக்கு வராதுன்னு யார் சொல்றது?”

இசைவாணி சுபஸ்ரீயைத் தூக்கிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் செல்விக்கு அழுகையாக வந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள், டெஸ்டர் எரிந்திருக்கலாமே என்று நினைத்துவிட்டாள். அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ராஜதுரை, தன் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த, பயிருக்கு மருந்தடிக்கிற மெஷினின் புது பேட்டரியைக் கொண்டுவந்தார். அதுவும் பன்னிரண்டு வோல்ட்தான். நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு, பேட்டரியைப் பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வைத்து, ஒயரைத் தண்டவாளத்தில் இணைத்தார். தன் கையையே அதில் வைத்துக் காட்டினார். ரயில் சுற்றியது.

மணிமொழியோடு வந்த அதிகாரி பத்து நிமிடம் இருந்தார். படம் எடுத்தார்கள். செல்வி கெட்ட அடாப்டரையும், மூன்று மையங்களுக்கும் மாற்று வேண்டும் என்று எழுதிய கடிதத்தையும் நீட்டினாள். அவர் வாங்கி மணிமொழியிடம் கொடுத்தார். மணிமொழி இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நன்கொடைப் பொருளை அனுமதியின்றி மாற்றியமைத்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அடாப்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

செல்வி இரண்டு முறை படித்தாள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வெள்ளைத்தாள் எடுத்து, புதன்கிழமை காலை தரை ஈரமாக இருந்ததிலிருந்து எழுதத் தொடங்கினாள்.