வாசலில் கேட்காமல் நுழைந்தவர்கள்

எத்தனை முறை மலை இறங்கினாலும் அந்தச் சுற்றுலாப் பேருந்து ஜெலிண்டாவின் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. இருப்பது ஒரே சாலை. ஓட்டுநரும் குடித்திருக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒழுங்காகத் திரும்பிக் கீழே வந்தால், கீழேயும் குன்றின்மேல் விட்டுவந்த அதே ஊர் ரோக்காவெந்தாதான் இருந்தது. அடிவாரத்தில் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

எங்கள் உம்ப்ரியா வட்டாரத்தில் குன்றுக்குக் குன்று ஓர் ஊர். ஒரே நாளில் ஐந்து ஊர், மதியச் சாப்பாடு, ஒரு கோப்பை ஒயின் என்று ஆட்களைக் கூட்டிவருவார்கள். வழிகாட்டி ஃபுல்வியோ பக்கத்துக் குன்றில் பிறந்தவன். ரோக்காவெந்தாவை ஆளில்லாத ஊர் என்றால் வந்தவர்களுக்குச் சிலிர்க்கிறது என்று கண்டுகொண்டு, சில கோடைகளாக அதையே சொல்லிவந்தான். பொய். புருஷனைப் புதைத்த பிறகும் இறங்காமல் ஜெலிண்டா அங்கே ஒற்றை ஆளாக இருந்தாள். அவன் பேச்சு நகராட்சிக்கு எட்டியது. ஆளில்லாத ஊருக்குத் தண்ணீர் எதற்கு, குளிர் வருமுன் குழாயை அடைத்துவிடலாம் என்று முடிவுசெய்தார்கள். தண்ணீர் நின்றால் அவளும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

அன்று மதியம் ஃபுல்வியோ, "தாராளமா உள்ள போய்ப் பாருங்க, யாருமில்ல" என்றான். பேருந்துக் கூட்டம் மொத்தமும் அவள் சமையலறைக்குள் நுழைந்தது. எங்கள் பக்கம் கதவு திறந்தே கிடந்தாலும் நிலைப்படியில் நின்று "உள்ள வரலாமா?" என்று கேட்காமல் கடன்காரன்கூட வரமாட்டான். இவர்களில் ஒருத்தி அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்து படம் எடுத்தாள். பக்கத்தில் கரண்டியோடு ஜெலிண்டா நின்றதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அவள் மூடியை எடுத்து மறுபடி சட்டிமேல் வைத்தாள். அதன்பிறகுதான் சாலை அப்படி ஆனது.

வெயில் தாழ்ந்ததும் ஃபுல்வியோ பேருந்திலிருந்து இறங்கி அவளிடம் வந்தான்.

"அத்தை, விளையாடாதீங்க. பஸ்ல பிள்ளைங்க அழுவுது."

"யாருகிட்டடா பேசுற? இங்கதான் ஆளே இல்லையே!"

"பொழப்புக்கு ஒரு வார்த்த சொன்னேன்..."

"உன் பொழப்புக்கு நான் சாகணுமா? வாசல்ல நின்னு கேளு. உங்கம்மா சொல்லித் தந்ததுதானே? இங்க யார் குடியிருக்கான்னும் கத்திச் சொல்லு, கீழ நகராட்சிக்குக் கேக்கணும்."

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு முறை வண்டியை விடச் சொன்னான். அது அவள் துணிக்கொடிக்கு அடியில் வந்து நின்றது. அப்புறம் நிலைப்படிக்கு வந்து, தொண்டை கிழியக் கத்தினான். "இங்க ஜெலிண்டா குடியிருக்காங்க! உள்ள வரலாமா?" வந்தவர்களும் அவரவர் பாஷையில் கேட்டார்கள்.

"வாங்க" என்றாள். எல்லோருக்கும் கொண்டைக்கடலை சூப் ஊற்றினாள். உப்பு தூக்கல், வேண்டுமென்றேதான் போட்டிருப்பாள். சாலை அடிவாரம்வரை ஒழுங்காக இறங்கியது. குழாயை அடைக்க வந்த நகராட்சி வண்டி மட்டும் கேட்காமல் நுழைந்து இரண்டு நாள் சுற்றியது. பிறகு குழாயை யாரும் தொடவில்லை.

ஜெலிண்டா செத்து வருஷங்கள் ஆகின்றன. வருகிறவர்கள் இன்றும் நிலைப்படியில் நின்று கேட்கிறார்கள். உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் வரும். துணி துவைக்கும் நாளில் வராது. அன்றைக்கு வழிகாட்டிகள் அடுத்த குன்றுக்குப் போய்விடுவார்கள். நகராட்சிக் கணக்கில் ரோக்காவெந்தாவின் ஜனத்தொகை ஒன்று. அதைத் திருத்தச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.