ஞாபகம் இல்லை என்று சொன்னவள்

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொடுக்கும் சலவை நிலையத்தில் அவள் மேற்பார்வையாளர். மெஷின்கள் போடும் சத்தத்தில் யாரைக் கூப்பிட்டாலும் காதில் விழாது என்பதால், கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டே திரிவாள். அங்கே வேலை செய்த இருபத்தாறு பேருக்கும் அவள் விசிலக்கா. கண்டிப்பானவள், ஆனால் சூதுவாது தெரியாதவள் என்று பெயர். அக்டோபர் மாதம் வரைக்கும் அந்தப் பெயர் சரியாகத்தான் இருந்தது.

அக்டோபரில் நடந்தது இதுதான். உலர்த்தும் மெஷின்களின் வலையில் பஞ்சுத்தூசி சேரும். ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் அதை வழித்தெடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் பற்றிக்கொள்ளும். மூன்றாம் நம்பர் மெஷின், ஊசி என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் பொறுப்பு. ஆளும் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று குத்தும். அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு ஊசி வலையைக் கழற்றப் போனபோது, ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நிற்கிறது, இன்னொரு சுற்று ஓட்டு, தூசியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் விசிலக்காதான். சொன்னதோடு சரி, மறந்துபோனாள். மறுநாள் காலை அந்த மெஷின் தீப்பிடித்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெஷின் கரிக்கட்டையானது. பக்கத்தில் அடுக்கியிருந்த நானூறு விரிப்புகளும் போயின.

விசாரணையில் ஊசி நடந்ததை நடந்தபடி சொன்னாள். மேலாளர் விசிலக்காவின் பக்கம் திரும்பி, அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார்.

“எனக்கு ஞாபகம் இல்ல சார்.”

அவ்வளவுதான். பொய் என்றுகூடப் பிடித்துச் சொல்ல முடியாத மாதிரி ஒரு பொய். சாயங்காலமே ஊசியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் தன் அலமாரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு, விசிலக்காவைத் திரும்பியும் பார்க்காமல் போனாள்.

இருவரும் ஒரே திருச்சபை. ஊசி பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். அக்டோபருக்குப் பிறகு அவள் வரவில்லை. உங்களோடு வேலை செய்கிறவளை ஏன் காணோம் என்று ஆட்கள் விசாரித்தபோது, உடம்பு சரியில்லையாம் என்று விசிலக்கா சொல்லிவைத்தாள். பொய் தனியாக வராது, சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டுதான் வரும். தினமும் ஊசிக்காக ஜெபித்தாள் என்பது மட்டும் உண்மை. ஆண்டவரே, அவளுக்கு இதைவிட நல்ல வேலையாகக் கொடும் என்று கேட்டாள். தான் செய்ததை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. அந்த ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்று அவளுக்கே தெரியும்.

புத்தாண்டு பிறந்தது. பஸ் ஓட்டுநரான அவள் கணவர், இனிப்பைக் குறைப்பேன் என்று எழுதிய தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மறுபடி ஒட்டினார். ஒன்பது வருடமாக ஒரே தாள்தான், வருடத்தை மட்டும் அடித்துத் திருத்துவார். தாள் இளைத்துவிட்டது, ஆள் இளைக்கவில்லை. வழக்கமாக இதைச் சொல்லிச் சிரிக்கிறவள் அன்று சிரிக்காமல் செருப்பை மாட்டினாள்.

காலை ஆராதனையில் போதகர் நீட்டி முழக்கவில்லை. நாட்காட்டியை மாற்ற ஒரு ஆணி போதும், மனசு மாற ஆண்டவரின் கிருபை வேண்டும், அந்தக் கிருபை கிடைத்தவனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து நடக்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு அழைத்தார். யாரோடாவது தீராத மனத்தாங்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று எப்போதும் சொல்வதையே சொன்னார். முப்பது வருடமாக அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை. அன்றைக்கு அது நேரே வந்து அவள் முன்னால் நின்றது. வரிசை எழுந்தது. அவள் எழவில்லை. கணவர் முழங்கையால் இடித்தார்.

“நீங்க போங்க. நான் முதல்ல ஒரு இடத்துக்குப் போகணும்.”

விடுமுறை நாள், பஸ் குறைவு. நாற்பது நிமிடம் நடந்தாள். புதுச் செருப்பு காலைக் கடித்தது. வண்டி அவசரம், பயம், இருபது வருட வேலை என்று வழிநெடுக சாக்குகள் கூடவே வந்தன. ஊசி குடியிருந்த கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். கதவைத் திறந்த ஊசி, உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள். விசிலக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, பூசி மெழுகவுமில்லை.

“இதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்கு அங்க நின்னவளே நான்தானே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

“நாளைக்குச் சொல்றேன்.”

“சொல்லிட்டு வாங்க. மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். சபையில் சாட்சி சொல்கிறவர்களின் கதையில் இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் படி இறங்கும்போது அவள் கால்கள் உறுதியாக இருந்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். பதவி போய்விடுமா என்று அவர் கேட்டார். போகும் என்றாள். நானும் கூட வரட்டுமா என்றார்.

“வேண்டாங்க. பொய்ய நான் தனியாத்தானே சொன்னேன்.”

மறுநாள் மேலாளர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவருக்கு முகம் மாறிவிட்டது. முடிந்துபோன விஷயம், மேலிடத்துக்கு அறிக்கைகூடப் போய்விட்டது என்றார்.

“ஆறின புண்ண எதுக்கும்மா கீறுறீங்க?”

“ஆறல சார். புண்ணு அவளோடது, அது ஆறிடுச்சான்னு நாம எப்படிச் சொல்றது?”

“அன்னைக்கு ஞாபகம் இல்லன்னீங்களே.”

“இருந்துச்சு சார். இப்பவும் இருக்கு.”

ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதிக் கொடுங்கள் என்றார். அவள் அவர் மேஜையிலிருந்தே ஒரு தாளை வாங்கி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யோசித்தால் மனசு வழுக்கும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இழுத்தது. பைத்தியக்காரி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்றார்கள் சிலர். இத்தனை நாள் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் கேள்விதான் அவளுக்கு உறைத்தது. கடைசியில் தீர்ப்பு வந்தது. மேற்பார்வையாளர் பதவி போயிற்று. இனி மடிக்கும் மேஜையில் வேலை. தீ விபத்துக்கு ஊசி காரணமில்லை, அவளைத் திரும்ப வேலைக்கு அழைக்கிறோம் என்று ஒரு கடிதம். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம் என்று மேலாளர் நினைத்தார். பலகையை யார் படிக்கிறார்கள், சத்தமாகப் படிக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். ஒரு திங்கட்கிழமை காலை மெஷின்களை நிறுத்திவைத்து, எல்லோர் முன்னாலும் அவளே படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது. தண்ணீர் குடித்துவிட்டு, அந்த வரியைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

அடுத்த வாரமே ஊசி வேலைக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவிலும் வந்து நின்றாள். விசிலக்காவோடு பேச்சு மட்டும் இல்லை. வேலைக்குத் தேவையான இரண்டொரு வார்த்தை, அதோடு சரி. விசிலக்கா அதை எதிர்த்துக் கேட்கவில்லை. வலியக் குழைந்து பேசி அவளைச் சங்கடப்படுத்தவும் இல்லை. காலையில் முதல் ஆளாக வந்து மேஜையைத் துடைத்துவிட்டு, கை வலிக்க மடித்தாள்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் அவளோடு மடிக்கிற பெண் வரவில்லை. விசிலக்கா தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்க முனைகளை யாரோ எடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் ஊசி.

“அக்கா, நேராப் பிடிங்க. கோணுது.”

நேராகப் பிடித்தாள். மதியத்துக்குள் அறுபது விரிப்புகள் ஆயின. அறுபத்தோராவதை உதறும்போது ஊசி அவளைப் பார்க்காமலே சொன்னாள்.

“மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் இன்னும் வரலக்கா. ஜெபம் பண்ணிட்டிருக்கேன்.”

“பண்ணு. நான் இங்கதான் இருப்பேன்.”

ஊசி தலையை ஆட்டினாள். இருவரும் முனையோடு முனை சேர்த்து மடித்து அடுக்கில் வைத்தார்கள். இன்னும் ஒரு வண்டி விரிப்பு மீதி இருந்தது.