ஐந்தாவது சுற்று

ட்ரோல்ஸின் கம்பெனி ஜனங்களுக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி. பல் டாக்டரோ, முடிவெட்டுகிறவரோ, யாரைப் பார்க்க வேண்டுமானாலும் அவர்களுடைய ஆப்பில் நேரம் குறித்துக்கொண்டு போகலாம். காத்திருக்கவே வேண்டாம். அங்கே புரோகிராமர் வேலை கேட்டுப் போன எஸ்பென் மட்டும் இரண்டு மாதமாகக் காத்திருந்தான்.

முதல் சுற்றில் ஹெட்விக் என்ற பெண், ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டாள். எஸ்பெனுக்கு அடுத்த மாத வாடகையைத் தாண்டி யோசனை ஓடவில்லை. ஆனாலும், "உங்களோடதான்" என்று கூசாமல் சொன்னான். இரண்டாவது சுற்றில், நீங்கள் ஒரு மிருகமாக இருந்தால் எந்த மிருகம் என்றார்கள். மூன்றாவதில் ட்ரோல்ஸே அரை மணி தாமதமாக வந்து, நேரத்தின் அருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஒவ்வொரு முறையும் ஹெட்விக் வாசல்வரை வந்து கைகொடுத்து, "நாங்களே கூப்பிடுறோம்" என்பாள்.

எஸ்பென் பொறுத்துக்கொண்டான். பழைய கம்பெனி வசந்த காலத்திலேயே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வேலையில்லாதவர்களுக்கு வருகிற உதவித்தொகையும் இந்த மாதத்தோடு சரி. இந்த வேலை அவனுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது சுற்று ஒரு முழுநாள். சும்மா எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு பயிற்சிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். சம்பளம் கிடையாது, மத்தியானம் கறுப்பு ரை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் உண்டு. இலையுதிர் காலத்தில் நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவைக்கும்போது, ஆப்பில் குறித்துவைத்த நேரமெல்லாம் பிசகுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும். முழுக்கக் கற்பனை என்றார் ட்ரோல்ஸ். அந்தக் கற்பனையில் எஸ்பெனின் பல் டாக்டர் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

நாலு மணி நெருங்கும்போது எஸ்பென் தன் லேப்டாப்பை மூடினான். ஓர்ஹூஸ் நகரில் அந்த நேரத்துக்குப் பாதிச் சைக்கிள்கள் பாலர் பள்ளிகளை நோக்கித்தான் ஓடும்.

"என்ன, கிளம்பிட்டீங்களா? இன்னும் முடியலையே" என்றார் ட்ரோல்ஸ்.

"இன்னும் பத்து நிமிஷ வேலைதான் இருக்கு. காலைல முடிச்சு அனுப்பிடறேன். பொண்ணைக் கூட்டிட்டு வரணும், பள்ளி மூடிடுவாங்க."

"எனக்கும்தான் பொண்ணு இருக்கா. நான் என்னிக்காவது மணி பாக்கறேனா? இங்க நாமெல்லாம் ஒரே குடும்பம், எஸ்பென்."

குடும்பம் என்றால் யாராவது ஒருத்தர் பிள்ளையைக் கூட்டிவரப் போவார்களே என்று நாக்கு நுனிவரை வந்ததை எஸ்பென் விழுங்கிவிட்டான். ஹெட்விக் இந்த முறை நாற்காலியை விட்டு எழவில்லை. உட்கார்ந்தபடியே, "நாங்களே கூப்பிடுறோம்" என்றாள். வேலை கைவிட்டுப் போயிற்று என்று புரிந்தது. மழையில் சைக்கிளை மிதித்தான்.

பள்ளியில் டீச்சர் பிர்தே கோட்டை மாட்டிக்கொண்டு சாவியோடு நின்றாள். பெஞ்சில் அவன் மகள் யொஹானாவும் வில்யா என்ற சிறுமியும் மட்டும் மிச்சம்.

"வில்யாவோட அம்மா இந்த வாரம் ஊர்ல இல்ல. அப்பாதான் வரணும். போனே எடுக்க மாட்டேங்கறார்" என்றாள் பிர்தே.

வில்யா ஆகஸ்டில் சேர்ந்தவள். அவளுக்கு அப்பா என்று ஒருவர் இருப்பதாகப் பேச்சு உண்டு, பள்ளியில் யாரும் கண்டதில்லை. அந்தக் குழந்தையைத் தனியே விட்டுப் போக எஸ்பெனுக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்கப்பா என்ன வேலை பாக்கறார்?"

"எல்லாருக்கும் நேரம் மிச்சம் பண்ணிக் குடுக்கறார்" என்றாள் வில்யா பெருமையாக. "நெறையப் பேர் இருக்காங்கல்ல, அதான் லேட்டாகுது."

எஸ்பெனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மனசு கனத்துப்போனது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நனைந்து ஒழுகிக்கொண்டு வந்தார் ட்ரோல்ஸ். "மன்னிச்சுக்குங்க டீச்சர். இன்னிக்கு ஒருத்தர் வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டார். அதைப் பத்திப் பேசிப் பேசி நேரம் போனதே தெரியல." பேசிக்கொண்டே கொக்கியிலிருந்து ஒரு நீல மழைக்கோட்டை எடுத்தார்.

"அது என்னுது இல்லப்பா. நான் முள்ளம்பன்றி" என்றாள் வில்யா. அவள் கொக்கிக்கு மேலே முள்ளம்பன்றிப் படம் ஒட்டியிருந்தது.

திரும்பியபோதுதான் எஸ்பெனைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் ஒரே நிமிஷம்தான். அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"லேப்டாப் கையில இருக்கா? பத்து நிமிஷம்னீங்களே. இங்கயே உட்காந்து முடிச்சுக் குடுங்களேன். ஞாயித்துக்கிழமை கடிகாரம் மாறுது. வேலை உங்களுக்குத்தான், நாளைக்கே சேரலாம்."

பை எஸ்பெனின் மடியில்தான் இருந்தது. கை ஜிப்புவரை போயும்விட்டது. பிர்தே சாவிக்கொத்தைப் பிடித்தபடி பார்த்தாள். வில்யா தன் கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எஸ்பென் குனிந்து அந்தப் பொத்தான்களைச் சரியாகப் போட்டுவிட்டான். பிறகு எழுந்து ட்ரோல்ஸுக்குக் கைகொடுத்தான்.

"நாங்களே கூப்பிடுறோம்" என்றான்.

சைக்கிளில் ஏறியதும் வாடகை நினைப்பு வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த யொஹானா அவன் முதுகைத் தட்டினாள்.

"அப்பா, அவரை எப்பக் கூப்பிடுவோம்?"

"ரெண்டு மாசமாவது ஆகும்மா. இன்னும் நாலு சுத்து இருக்கு."